மூன்று வருடமா, ஒன்றரை வருடமா?

போன செவ்வாய்க்கிழமை, குண்டு விழும்போது பதுங்க முற்றத்தில் வெட்டிய பங்கரின் மூடியைத் திருத்தப் போய், கறள் பிடித்த ஆணி ஒன்றில் ஏறி நின்றுவிட்டேன்.

சின்ன ஆணிதான். ஆனால் குதிக்காலில் ஆழமாக இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு இராசலிங்கம் அண்ணை என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, கோப்பாயிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மூச்சு வாங்க உழக்கினார். அங்கே போனால் நீண்ட வரிசை. மர வாங்கில் ஒன்றின் ஓரமாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வழியால் போன ஒரு இளம் தாதி நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள் அன்னம் மிஸ்ஸியின்ரை மனுசன் எல்லோ?"

"ஓம்."

பதினைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் உங்களோடு கதைக்கிறேன். அந்த மண்டபத்தில் இது எதுவும் எடுபடவில்லை. அன்னம் மிஸ்ஸியின் மனுசன், இங்கே வேலை செய்யும் தாதியின் கணவன் — அவ்வளவுதான்! அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்றால் நம்புவீர்களா?

என் முறை வந்தபோது ஊசியோடு வந்தவள் அன்னமேதான்.

"கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணுங்கோ."

மூன்று எண்ணுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

ஐந்து வருடத்துக்கு முன்னர் அந்த ஊசியைத் தொட அவளுக்கு அனுமதி இருக்கவில்லை. இந்த வாரம் அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது அன்னம் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் உதவித் தாதி. பத்து வருடச் சேவை. நோயாளியைத் துடைத்துவிடுவாள், காய்ச்சல் பார்ப்பாள், காயத்துக்குக் கட்டுப் போடுவாள். ஊசி போடக்கூடாது. மருந்து கொடுக்கக்கூடாது. நோயாளியின் அட்டையில் கையெழுத்து வைக்கக்கூடாது. அதெல்லாம் பதிவு பெற்ற தாதிமாரின் வேலை. அன்னத்துக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை... ஒரு மத்தியானம் வரைக்கும்.

தொண்டைமானாற்றிலிருந்து வந்து குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்திருந்த ஒரு முதியவர் அன்றைக்கு இவளைக் கூப்பிட்டிருக்கிறார். "பிள்ளை, நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது..." சொல்லும்போதே உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நிமிர்த்தி இருத்த வேண்டும் என்று அன்னத்துக்குத் தெரியும். இருத்திவிட்டாள். அதற்குப் பிறகு? அன்றைக்குப் பதிவு பெற்ற தாதி ஒருவர்தான். அவரும் டொக்டரோடு ஒப்பரேசன் தியேட்டருக்குள். செய்தி சொல்லி அவர் வெளியே வரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் கிழவரின் கையைப் பிடித்தபடி அன்னம் நின்றாள்.

கிழவர் பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, நல்ல பாரைக் கருவாடாகப் பார்த்து ஒரு பொதி கட்டி அனுப்பியிருந்தார். நான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன். அன்னம் தொடவில்லை.

"ஏன், மணக்குதோ?"

"இல்லையப்பா. நான் ஒண்டும் செய்யேல்லை. என்ன செய்யிறதெண்டும் தெரியேல்லை. அதுக்கு இந்த மனுசன் கருவாடு அனுப்புது."

அடுத்த கிழமை இரண்டு விண்ணப்பப் படிவங்களோடு வந்தாள்.

ஒன்று ஒன்றரை வருடக் கோர்ஸ். ஒரு தனியார் நிலையம் நடத்தியது. உதவித் தாதியாக இருப்பவர்களுக்கென்றே வைத்தது. பழைய சேவையைக் கணக்கில் எடுப்பார்கள்; பின்னேர வகுப்புத்தான்; வேலையை விடத் தேவையில்லை. மற்றது மூன்று வருடப் பயிற்சி. புதிதாகச் சேரும் பத்தொன்பது வயதுப் பெட்டையளோடு முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். ஹொஸ்டலில் தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு. அதற்கும் முன்னால் இரசாயனவியல் சோதினையில் சித்தி பெற வேண்டும் — அன்னம் முன்னொரு காலத்தில் கோட்டைவிட்ட அதே பாடம். வயது எல்லைக்கும் அதிக நாள் இல்லை. ஒரே ஒரு வாய்ப்பு.

எங்கள் மகள் சுமதிக்கு அப்போது ஆறு வயது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் ஒரு தாளில் நடுவே கோடு கீறி, இரண்டு பக்கமும் எழுதி, அன்னத்திடம் நீட்டினேன்.

"இஞ்சை பாரும். ஒண்டரை வருசம்தான் நல்லது. உமக்கு எல்லாம் தெரியும்தானே. பிறகேன் திரும்ப முதலிலையிருந்து?"

"எனக்கு எப்பிடிச் செய்யிறதெண்டு தெரியும். ஏன் செய்யிறதெண்டு தெரியாது."

"ஒண்டரை வருசத்திலை அதைச் சொல்லித் தரமாட்டினமோ?"

"தெரியாது. படிச்ச ஆரையும் கேட்டாத்தான் தெரியும்."

எவ்வளவு சாதாரணமான யோசனை! தாளில் கோடு கீறிய எனக்கு அது தோன்றவில்லை.

கொழும்புத்துறையில் செல்வமலர் என்று ஒருவர் இருந்தார். அன்னத்தோடு முன்பு ஒன்றாக வேலை செய்து, அந்த ஒன்றரை வருடக் கோர்ஸை முடித்தவர். சனிக்கிழமை காலை இருவரும் போனோம். வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. செல்வமலர் உள்ளே போய்ச் சட்டம் போட்ட சேர்ட்டிபிக்கற்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் படிப்பிச்சவை அன்னம். பொய் சொல்லக்கூடாது. நிறைய விளங்கிச்சுது."

"அப்ப இப்ப ஊசி போடுறியளோ அக்கா?"

"இல்லை."

"ஏன்?"

"பதிவுக்கு அதைக் கணக்கிலை எடுக்கமாட்டினமாம். முடிச்ச பிறகுதான் எனக்கே தெரியும். ஆனா பேரை மாத்திப்போட்டினம். முந்தி உதவித் தாதி. இப்ப நான் சிரேஷ்ட உதவித் தாதி!"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

திரும்பி வரும்போது கரியரிலிருந்து அன்னம் கேட்டாள்.

"மூண்டு வருசம் சுமதியைப் பாப்பியளோ?"

நேரான கேள்வி. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக உழக்கினேன். காற்று எதிர்க்காற்று என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். சமையல் தெரியாது. பிள்ளையின் தலையில் பேன் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கத் தெரியாது.

"பாப்பன்," என்றேன். குரல் கொஞ்சம் மெல்லியதாகத்தான் வந்தது. கரியரில் இருப்பவருக்குக் கேட்டால் போதாதா?

இரசாயனவியல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. விடியற்காலையில் அடுப்படியில் புட்டு அவியும். பக்கத்தில் அன்னம் சமன்பாடுகளை முணுமுணுப்பாள். விளக்குக்கு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு, விடிந்த வெளிச்சத்தில்தான் படிப்பு. சோதினை முடிவு வந்த அன்று தன் சுட்டெண்ணைத் தேடிப் பார்க்கச் சொல்லித் தாளை என்னிடம் நீட்டிவிட்டாள். நான்தான் பார்த்தேன். சாதாரண சித்தி. அதற்குமேல் எங்களுக்கு என்ன வேண்டும்?

நேர்முகத் தேர்வில் ஒருவர் கேட்டாராம், "பத்து வருசம் வேலை செய்த ஆள். சின்னப் பிள்ளையளோடை இருந்து படிக்க வெக்கமில்லையோ?"

"தெரியாமல் நிக்கிறதுதான் வெக்கம் சேர்," என்றாளாம். எடுத்துவிட்டார்கள்.

முதல் வாரம் என்ன படிப்பித்தார்கள் தெரியுமா? கட்டிலுக்குத் துணி விரிக்க! ஆயிரக்கணக்கில் விரித்தவள் அன்னம். ஆசிரியை வந்து பார்த்து, மூலை மடிப்புப் பிழை என்று உருவி எறிந்துவிட்டாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சொன்னாள்; நான் கோபத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பத்து வருசமாப் பிழையாத்தான் விரிச்சிருக்கிறன் அப்பா!"

எல்லா ஞாயிறும் சிரிப்பு இல்லை. பின்னேரம் அவள் புறப்படும்போது சுமதி வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஒருமுறை அன்னம் பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் போகேல்லை" என்றாள். நான் பையைத் தூக்கிச் சைக்கிளில் கொழுவினேன். அவள் கரியரில் ஏறும்வரைக்கும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் இரட்டைப் பின்னல் பின்னப் பழகினேன். முதல் மாதம் ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் மற்றது பிடரியிலும் இருந்தது. சுமதியின் ரீச்சர் ஒருநாள், "பிள்ளை, உம்மடை தலைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா பழகுறார்" என்று பதில் சொல்லியிருக்கிறாள் மகள். எவ்வளவு பெருந்தன்மை!

மூன்று வருடம் ஓடியது. அன்னத்தின் பெயர் பதிவேட்டில் ஏறியது. சந்தோசத்தில் நான் ரவா லட்டுப் பிடித்தேன். உடையத்தான் இல்லை, கடிக்கவும் முடியவில்லை.

ஒரு படிப்பில் சேரும்போது நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு காலம்?" முடித்தால் கையில் என்ன இருக்கும் என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். அதையும் நிலையத்தின் கந்தோரில், படிவம் தரும் ஆளிடம், கேட்டால் போதாது. அதைப் படித்து முடித்த ஒருவரை அவர் வீட்டுக்கே தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு உதவித் தாதிமார் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள். ஒருவர் அன்னத்தைவிட மூத்தவர். மூவரும் இரசாயனவியல் புத்தகத்தை விரித்து வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். "எந்தக் கோர்ஸ் நல்லது அண்ணை?" என்று போன கிழமை ஒருவர் என்னைக் கேட்டார்.

நான் தேத்தண்ணி போட எழும்பிவிட்டேன். அங்கேயே இருந்திருந்தால் திரும்பவும் தாளில் கோடு கீறியிருப்பேன் — வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் எனக்கு இன்னும் பயிற்சி போதாது!