ஓடும்போது கோல் எடுக்க மாட்டேன்

புத்தளம் – கற்பிட்டி வீதியில் ஒரு முதலாளியின் தனியார் பஸ்ஸில் சாரதியாக இருக்கிறேன். ஓட்டத்தின் நடுவே அவர் என் போனுக்கு ஓயாமல் கோல் எடுப்பார். "எங்க நிக்கிற? பின்னால வாற பஸ்காரன் முந்திட்டானா?" பதில் சொல்லாவிட்டால் ஏச்சு விழும். போகப்போக, போன் அடித்தாலே கவனம் சிதறியது. பிரேக்கைப் பிந்தி மிதித்தேன். ஆட்கள் இறங்கும் இடங்களைத் தாண்டிப் போனேன். நன்றாகத் தெரிந்த தொழிலே கைவிட்டுப் போனதுபோல் இருந்தது.

ஒரு காலை நுரைச்சோலை தாண்டியதும் போன் அடித்தது. கண் அதில் போய்த் திரும்புவதற்குள், வீதியில் நின்ற கழுதைகளுக்கு நடுவால் இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் குறுக்கே வந்துவிட்டார்கள். எழும்பி நின்று பிரேக்கை மிதித்தேன். "யா அல்லாஹ்!" என்று பஸ்ஸே அலறியது. பிள்ளைகளைத் தொடாமல் பஸ் நின்றது.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினேன்.

"முதலாளி, இப்ப ரெண்டு புள்ளைகள் பஸ்ஸில அடிபட்டு மௌத்தாகப் பார்த்தாங்க. இனி ஓடுற நேரம் உங்கட கோல் எடுக்க மாட்டன்."

"அப்ப சாவிய வச்சிட்டுப் போ!"

"ஓம். ஆக்கள கற்பிட்டியில இறக்கிட்டு வைக்கிறன்."

கொண்டக்டர் ரிஸ்வான் போனுக்குக் குனிந்து, "நானும் போறன் முதலாளி" என்றான்.

சொன்னபடியே சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனோம். வேறு சாரதி கிடைக்காமல் பஸ் சில நாட்கள் சும்மா நின்றது. பிறகு முதலாளியே தேடி வந்தார். என் நிபந்தனைக்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் ரிஸ்வானும் நானும் வேலைக்குத் திரும்பினோம்.

இப்போது பஸ்ஸில் ஏறியதும் போனை அணைத்துவிடுகிறேன். பிந்தினால் பிந்தட்டும். ஆட்கள் இறங்கும் இடம் எதையும் தாண்டிப் போவதில்லை.

– ஒரு சாரதி, கற்பிட்டி