மத்திய சர்க்காரைக் கவனிப்பவர்

துணி காயப்போடுவது எங்கள் எதிர்வீட்டுக் குழந்தைசாமியின் வேலை. ஒவ்வொன்றையும் இரண்டு முறை உதறி, ஓரங்களை இழுத்து நேராக்கி, மனைவியின் புடவைகளைக் கயிற்றின் இரு பக்கமும் போடுவார். நடுவில் ஒரு முழம் இடம் விட்டிருப்பார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் தமிழர் தன்னுரிமைப் பேரவையின் கொடி காயும். தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குடியிருப்பு. வீடு மனைவி பூங்கோதையின் பெயரில் இருக்கிறது. அவர் ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அந்தப் பால்கனியில் கட்சிக் கொடியை ஏற்ற முடியாது. "தொவைச்சதைக் காயப்போடக் கூடாதுன்னு எந்த ரூல்ல போட்டிருக்குதுங்க?" என்று கேட்பார் குழந்தைசாமி. மாதாமாதம் துவைத்ததில் கொடியின் சிவப்பு ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது.

ஒருமுறை பராமரிப்பு அலுவலகத்து ஷர்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அது என்ன என்று விசாரித்தார். "தௌலியா ஹை, ஷர்மாஜி. ஈரோட் கா மால்," என்று கொடியைத் துண்டாக்கிவிட்டார் குழந்தைசாமி. அவருடைய பிழைப்பே ஈரோட்டுத் துண்டும் சென்னிமலைப் படுக்கை விரிப்பும்தான், கரோல் பாக் கடைகளுக்குக் கமிஷனில் பிடித்துக் கொடுக்கிறார். ஷர்மா நம்பிவிட்டார். நம்பியதோடு விடாமல், அதே டிசைனில் தனக்கும் இரண்டு வேண்டும் என்றார். அந்த டிசைன் தீர்ந்துவிட்டது என்று சொல்லி நீலக்கோடு போட்ட இரண்டைக் கொடுத்து அனுப்பினார் பேரவையின் தில்லிக் கிளைச் செயலாளரான குழந்தைசாமி.

பேரவையின் கொள்கை எளிமையானது. ராணுவம், வெளியுறவு, நாணயம் மூன்றையும் மத்திய அரசு வைத்துக்கொள்ளட்டும், மிச்சமெல்லாம் மாநிலத்துக்கு. தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு கட்சி இருப்பது பலருக்குத் தெரியாது. போன தேர்தலில் நின்ற இரண்டு தொகுதியிலும் டெபாசிட் போயிற்று. தில்லிக் கிளையில் குழந்தைசாமியைத் தவிர, கரோல் பாக்கில் இட்லி மாவு விற்கும் செல்வராஜும் ஆட்டோ ஓட்டும் ஆல்பர்ட்டும் உறுப்பினர்கள். எங்கள் பேட்டையில் தமிழர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாரும் அரசு ஊழியர்கள். கட்சியில் சேர்ந்தால் வேலை போய்விடும். "தில்லித் தமிழனைப் பூராவும் கெவர்மெண்டு முன்கூட்டியே வாங்கிப் போட்டுக்கிச்சுங்க. நான் ஆரைச் சேக்கறது?" என்பது அவருடைய நிரந்தர வருத்தம்.

வீட்டில் அந்தக் கொள்கை எப்போதோ நடைமுறைக்கு வந்துவிட்டது. பூங்கோதையே ஒருநாள் என்னிடம் விளக்கினார். "ஷர்மாகிட்டச் சண்டை போடறது நானு. சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்றது நானு. சம்பளம் என்னோடது. ராணுவம், வெளியுறவு, நாணயம் மூணும் ஆச்சுங்களா? மிச்சம் பூராவும் அவருகிட்டத்தான் குடுத்திருக்கறனுங்க்கா." பிறகு உள்ளே திரும்பி, "ஏனுங்க, மதர் டெய்ரியில பால் தீந்துபோயிருமுங்க!" என்று குரல் கொடுத்தார். மாநில அரசு தூக்குப்பாத்திரத்தோடு படியிறங்கிப் போயிற்று.

பேரவை இந்தியை எதிர்க்கிறது. எங்கள் பிளாக்கில் குழந்தைசாமி அளவுக்கு இந்தி பேசுகிறவர் யாரும் இல்லை. காய்கறி வண்டிக்காரனிடம் அவர் பேரம் பேசும்போது வடக்கத்தியப் பெண்களே ஓரமாக நின்று கேட்டுவிட்டு, அவர் முடித்த விலைக்குத் தாங்களும் வாங்கிப் போவார்கள். கேட்டால், "எதிராளியோட ஆயுதமுங்க, பழகித்தான் வெச்சுக்கோணும்" என்பார். எதிராளியிடமிருந்து அவர் பழகிக்கொண்டவை இன்னும் பல. முள்ளங்கி பராட்டா. மதிய வெயிலில் பிரம்பு மோடா போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உடைப்பது. ஜனவரி முழுக்க கேரட் அல்வா. நவம்பரில் முதல் குளிர்காற்று வந்ததும் அவர் முகத்தில் ஒரு புதுமாப்பிள்ளைக் களை வரும். பூங்கோதை அதே காற்றுக்கு முட்டிவலித் தைலத்தைத் தேடுவார்.

அந்த வீட்டில் சில வருஷங்களாக ஓடும் வழக்கு இதுதான். பூங்கோதைக்கு வருகிற மார்ச்சில் ஓய்வு. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும். ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், அவர் பார்த்துப் பார்த்துக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் வீடு இருக்கிறது. மகள் உதயா பக்கத்தில் கோயம்புத்தூரில் இருக்கிறாள். போய்விடலாம் என்று பேச்செடுத்தால் தன்னுரிமைக்காரரின் சுருதி இறங்கிவிடும். "போலாம், போலாம். ஆனா அம்மிணி, நானும் இங்கிருந்து போயிட்டன்னா மத்திய சர்க்காரை ஆரு கவனிக்கறது?"

"அது உங்களைக் கவனிச்சுருக்குதுங்களா, மொதல்ல?" என்பார் பூங்கோதை. வழக்கு அடுத்த தேதிக்குப் போகும். தலைமை தன்னைத் தில்லியில் இருக்கச் சொல்லியிருக்கிறது என்பதுதான் குழந்தைசாமியின் கடைசி வாதம். அதை உடைக்க அந்த அம்மாவிடம் சாட்சி இல்லாமல் இருந்தது.

போன டிசம்பரில் சாட்சி தானே ரயிலேறி வந்தார். ஜந்தர் மந்தரில் தர்ணா நடத்துவதற்காகக் கட்சித் தலைவர் இரண்டு தொண்டர்களோடு வந்து, குழந்தைசாமியின் வீட்டில் தங்கினார். வேட்டி, அரைக்கைச் சட்டை, ஒரு துண்டு; தில்லிக் குளிருக்கு அவர் கொண்டுவந்தது அவ்வளவே. காலையில் தர்ணாவுக்குக் கிளம்பும்போது பல் கிட்டித்து, "உரிமை" என்ற சொல்லையே அவரால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. பூங்கோதை தன் ஆபீஸ் சால்வையைப் போர்த்திவிட்டார். கத்தரிப்பூ நிறத்தில் பெரிய பெரிய பூப் போட்டது. தமிழினத்தின் போர்க்குரல் அன்று அந்தப் பூக்களுக்குள்ளிருந்துதான் ஒலித்தது.

பந்தலில் மொத்தம் ஆறு பேர். பக்கத்துப் பந்தலில் மலைப்பகுதிக்குத் தனி மாவட்டம் கேட்டு ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்களும் பத்துப் பேர்தான். குழந்தைசாமி போய்ப் பேசினார். ஜந்தர் மந்தரில் இப்படி ஒரு கைமாற்று உண்டாம்: பத்திரிகைக்காரர்கள் இந்தப் பந்தலுக்கு வந்தால் அந்தப் பந்தல் இங்கே வந்து உட்காரும்; அங்கே போனால் இவர்கள் அங்கே. அன்று மலைக்காரர்கள் கம்பளிக் குல்லாயோடு வந்து உட்கார்ந்து, "தமில்நாடு ஜிந்தாபாத்" என்று முழங்கினார்கள். பதிலுக்கு நம் தலைவர், எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு மாவட்டத்துக்காகக் கையை உயர்த்தினார்.

தலைவர் தமிழில் பேசியபோது நிருபர்கள் டீ குடித்தார்கள். பிறகு குழந்தைசாமி மைக்கைப் பிடித்து, மாநிலத்தைக் கையேந்த வைக்கும் தில்லியை இந்தியிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினார். நிருபர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுதினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர், "க்யா பாத் ஹை, பாய்சாப்!" என்று கைதட்டியே விட்டார். தலைவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கைதட்டல் மட்டும் புரிந்தது.

அன்று சாயந்திரம் தர்ணாவுக்குக் கொடுத்திருந்த இட்லிப் பானையைத் திரும்ப வாங்க எதிர்வீட்டுக்குப் போயிருந்தேன். தலைவர் ஹீட்டருக்கு வெகு அருகில், சால்வையோடு உட்கார்ந்திருந்தார். ரயிலுக்குக் கிளம்ப ஆல்பர்ட்டின் ஆட்டோ கீழே நின்றது.

"குழந்தைசாமி, இவ்வளவு பேச்ச வச்சிக்கிட்டு இந்த ஊர்ல எதுக்குக் கெடக்குறீங்க?" என்றார் தலைவர். "ஊருக்கு வந்துருங்க. ஈரோடு மாவட்டச் செயலாளர் நீங்கதான். தில்லிக் கிளைய மூடிருவோம்."

"மூடறதுங்களா?" குழந்தைசாமி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "அதெப்படீங்க தலைவரே? மத்தியில நமக்கு ஒரு ஆள் வேணாமுங்களா?"

"மொதல்ல மாநிலத்துல ஆள் வேணும்யா! அங்க கொடி கட்ட ஆளில்லாமத்தான் நானே ஏணில ஏறுறேன். நீங்க இங்க உக்காந்து தன்னுரிமை கேட்டா, அத வாங்கி எங்க வைக்கிறது?"

பூங்கோதை சமையலறை வாசலில் புளிசாதப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் பேரவையின் கருத்தொன்றுக்கு அவர் தலையாட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

தலைவர் எழுந்து சால்வையைக் கழற்றப் போனார். "வெச்சுக்கோங்க. போபால் தாண்டுற வரைக்கும் குளுருமுங்க," என்று பொட்டலத்தையும் கையில் கொடுத்தார் பூங்கோதை. வழியனுப்பிவிட்டு மாடியேறி வந்த குழந்தைசாமி தலைவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஹீட்டருக்குக் கையைக் காட்டினார். நான் பானையைத் தேடுவதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏனுங்க," என்றார் பூங்கோதை. "குடியிருக்கறவங்க இன்னிக்கும் போன் பண்ணுனாங்க. ஈரோட்டு வீட்டக் காலி பண்ணோணுமா, இன்னொரு வருஷம் இருக்கட்டுமான்னு கேக்கறாங்க. உங்க தலைவரே சொல்லிப்போட்டாரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

குழந்தைசாமி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். ஹீட்டரின் கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த பஞ்சடைத்த ரஜாய்ப் போர்வையின் ஒரு மூலையை எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

"பஞ்செல்லாம் கட்டி தட்டிப்போச்சு அம்மிணி," என்றார். "அடுத்த குளுருக்குப் புதுசா ஒண்ணு போட்டரலாமா?"

பூங்கோதை டெலிபோன் இருந்த ஸ்டூலருகே போனார். கருவியைத் தூக்கி, ஒயர் எட்டுகிற மட்டும் இழுத்து வந்து கணவரின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.