அண்ணன் முதலில் சிரிப்பான்

எனக்கு நாற்பத்தேழு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். எனக்குக் கீழே அறுபது பேர் வேலை செய்கிறார்கள். நான் சிரித்து அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை, அப்படியொரு பெயரைப் பாடுபட்டுக் காப்பாற்றி வருகிறேன். இந்த மனிதன்தான் தினமும் மாலை ஏழு மணிக்கு லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பூனை எலியைத் துரத்தும் கார்ட்டூன் பார்க்கிறான்.

முதலில் மகளுக்காகப் போட்டதுதான். மூன்று வயதில் அது ஓடினால்தான் அவள் வாய் திறக்கும், சோறு உள்ளே போகும். இப்போது அவளுக்குப் பத்து வயது. அவள் கார்ட்டூனை விட்டு வளர்ந்துவிட்டாள். நான் வளரவில்லை.

"எலி மாட்டாதுன்னு உனக்கே தெரியும்ல? அப்பறம் இன்னாத்துக்குப்பா பாக்குற?" என்று கேட்கிறாள்.

தெரியும் என்பதுதான் அதில் சுகமே. கம்பெனியில் அடுத்த மாதம் ஆர்டர் வருமா என்று முதலாளிக்கே தெரியாது. இங்கே எலி தப்பிக்கும், பூனை வாங்கிக் கட்டிக்கொள்ளும். இதில் இன்றுவரை ஒரு நாளும் பிசகு வந்ததில்லை. வசனம் இல்லாததால் மொழிச் சிக்கலும் கிடையாது. தெருமுனையில் உருது பேசுகிற வீட்டிலும் இதே சத்தம்தான் கேட்கும். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து சரக்கு சோதிக்க ஒருவர் வந்தார். ஒரு ஜோடியில் கடுகளவு பசை ஒட்டியிருந்ததற்கு முழு லாட்டையும் பிரிக்க வைத்த புண்ணியவான். மதியம் கேன்டீன் டிவியில் பூனை அப்பளமாக நசுங்கியதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு வந்து இன்னொரு லாட்டையும் பிரிக்கச் சொன்னார்.

நான் இதைப் பார்ப்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அதை மகளிடம் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் என் அண்ணனும் இதைத்தான் பார்க்கிறான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவன் வீட்டில் கேபிள், என் வீட்டில் டிஷ். எந்தப் பாவி எதை எங்கே சுற்றி அனுப்புகிறானோ, அவன் வீட்டுப் படம் என் வீட்டுப் படத்தைவிட இரண்டு வினாடி முன்னால் ஓடுகிறது. அதனால் அண்ணன்தான் முதலில் சிரிப்பான். என் பூனை அப்போதுதான் கதவைத் திறக்கப் போய்க்கொண்டிருக்கும். கதவுக்குப் பின்னால் அடி காத்திருக்கிறது என்று எனக்கு அண்ணன் சிரிப்பே சொல்லிவிடும். வேறு யாராவது இப்படிக் கதையை உடைத்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவனிடம் சண்டை போட வழியில்லை, ஏற்கெனவே போட்டாயிற்று. ஒரே ஒரு மழைநாளைத் தவிர, ஏழு வருடமாக நாங்கள் பேசுவதில்லை.

எங்கள் மனைவிகள் பேசிக்கொள்கிறார்கள். மீன் குழம்புகூட வீடு மாறிப் போகிறது. அண்ணனும் நானும் மட்டும் எதிரில் வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடக்கிறோம்.

அண்ணனுக்கு டேனரியில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் பகுதியில் இருபத்தைந்து வருடமாக நிற்கிறான். அங்கிருந்து தோல் எத்தனையோ கை மாறி, பளபளப்பாகி, எங்கள் கம்பெனிக்கு ஷூவாக வந்து சேரும். கடையில் அதை வாங்குகிறவன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, ஒரிஜினல் லெதர் என்று பூரித்துப்போவான். ஏழு வருடத்துக்கு முன் என் மகளின் காதுகுத்துக்கு வந்தவர்கள் அப்படிப் பூரித்துப்போகிறவர்கள் இல்லை. மனைவி வழிச் சொந்தம், காவேரிப்பாக்கத்துக்காரர்கள், விவசாயக் குடும்பம். ஊருக்குள் பஸ் நுழையும்போதே கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தான். நான் வாசலிலேயே அவனை மடக்கி, தணிந்த குரலில், "அண்ணா, ஒரு வாட்டி குளிச்சிட்டு வந்துடேன்" என்றேன்.

"குளிச்சிட்டுத்தான்டா வந்தேன்" என்றான்.

அப்போதுதான் அவன் தலை ஈரமாக இருப்பதையும், புதுச் சட்டையில் மடிப்புகூடக் கலையாமல் இருப்பதையும் பார்த்தேன். பாப்பாவுக்கு வாங்கி வந்த பட்டுப் பாவாடையை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

பூனை மலை விளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடிக்கொண்டே இருக்குமே, கீழே பார்க்கும்வரை விழாது. நானும் அன்று அப்படித்தான் பந்தியில் எல்லோருக்கும் இன்னொரு கரண்டி பிரியாணி வை என்று ஓடிக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தது மறுநாள், கம்பெனி லிப்டில். பக்கத்தில் நின்ற அக்கவுண்ட்ஸ் பெண் என் சட்டைப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மேலும் அதே வாசனை இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அவளிடம் இல்லை, அண்ணனிடம்.

கார்ட்டூனில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. சுத்தியலால் அடிப்பார்கள், தலையில் வீக்கம் எழும்பும், அடுத்த காட்சியில் அது காணாமல் போகும். மனிதர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பது இந்த ஒரு பொய்க்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் சுத்தியல்கூட எடுக்கவில்லை. ஒரு வார்த்தைதான் சொன்னேன். அது ஏழு வருடமாக வீங்கியே இருக்கிறது. அண்ணன் என்னோடு பேச வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். ஆனால் வாயைத் திறக்கத் தைரியமில்லாமல், அவன் சிரித்த இரண்டாவது வினாடியில் நானும் உரக்கச் சிரித்துவைப்பேன். அவனுக்குக் கேட்கட்டும் என்று.

போன ஐப்பசியில் ஒருநாள் அடைமழை. ஏழேகாலுக்கு என் டிவியில் படம் நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தான். கொஞ்சம் விட்டு மறுபடியும் பெரிதாகச் சிரித்தான். எதற்கு என்று தெரியாமல் என்னால் உட்கார முடியவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய் அவன் வாசலில் நின்றேன்.

"இன்னா?" என்றான். ஏழு வருடத்தில் முதல் சொல்.

"டிவி போய்டுச்சுண்ணா."

"மழைன்னா டிஷ்ஷு அப்படித்தான். உக்காரு."

அவன் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பூனை மாடிப்படியில் உருண்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அவன் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான். சாரல் அவன் தோளில் அடித்தது.

"ஏண்ணா தள்ளிப் போற? நனையுது பாரு."

டிவியைப் பார்த்தபடியே சொன்னான். "சுவத்துக்கு அந்தாண்ட நீ சிரிச்சா நல்லா இருக்குதுடா. நானும் சிரிக்கிறேன். பக்கத்துல வந்து உக்காந்தா எனக்கு என் மேலயே சந்தேகம் வந்துடுது. படத்த வுட்டுட்டு உன் மூக்கையே பாத்துனு இருக்கேன். இன்னா பண்றது, சொல்லு."

"நான் சொன்னது தப்புண்ணா" என்றேன். ஏழு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது இன்னும் நீளமானது. வாயில் வந்தது இவ்வளவுதான்.

"சரி" என்றான்.

"நான் கெளம்பட்டுமா?"

வெளியே எட்டிப் பார்த்தான். "மழ வுடட்டும்" என்றான். நாற்காலியை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை.

அன்று மழை முக்கால் மணி நேரம் பெய்தது. இன்னும் கொஞ்ச நேரம் பெய்திருக்கலாம்.