பெண்கள் வரிசையில் ஒரு ஈயக் குண்டு

“ஆம்பள வரிசையில நிக்கச் சொன்னாங்கன்னா நான் திரும்பிடுவேன் நைனா. நீ ஒண்ணும் பேசக்கூடாது, சண்ட வலிக்கக் கூடாது. என்கூட வந்துடணும்.”

திரிசூலம் ரயில் நிலையத்தில் இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் சுரங்கப்பாதையில் நடக்கும்போது என் மகள் இதைச் சொன்னாள். நான் சரி என்றேன். அவள் நின்றுவிட்டாள்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

“வாயத் தொறக்க மாட்டியே?”

“மாட்டேன்னு சொன்னா மாட்டேன்தான். நட, நேரமாகுது.”

நேரம் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டோம். பொன்னேரியிலிருந்து வரும் ரயில் எங்கேயாவது நின்றுவிட்டால், பார்க் நிலையத்தில் அடுத்த வண்டி தவறிவிட்டால் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம் சேர்த்துக் கூட்டியதில் அவ்வளவு வந்தது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் பேருந்தில் முப்பத்தோரு வருடம் நடத்துநராக இருந்தவன் நான். தலைகளை எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றேன். எண்ணாமல் இருந்தால் எதையோ மறந்துவிட்டது போலவே இருக்கும்.

அவள் என் மூத்த பிள்ளை. பிறந்தபோது மகன் என்று சொன்னார்கள். பத்தொன்பது வயதில் தான் பெண் என்று எங்களிடம் சொன்னாள். இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. எங்கள் ஊரில் அவள் அக்கா, சிலருக்கு அத்தை, என் தம்பி பிள்ளைகளுக்குப் பெரியக்கா. நான் வேலையில் இருந்த காலத்தில் அவள் பேருந்தில் ஏறினால் மீன்கூடைக்காரிகள் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். “வாடி, ஒக்காரு. ஒங்கப்பன் இன்னிக்கும் சில்லறை கேட்டுக் கத்துறான் பாரு” என்று என்னையும் சேர்த்து வைவார்கள்.

ஊருக்கு வெளியே அப்படி இல்லை. போன வருடம் நகரத்தில் ஒரு பெரிய கடை வாசலில் சோதனைக்கு நின்றோம். காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆண்கள் பக்கம் கையைக் காட்டினான். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சத்தம் போட்டேன். நான் போட்ட சத்தத்தில் இன்னும் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெளியே நடந்தாள். மீஞ்சூர் வரும்வரை ரயிலில் என்னோடு பேசவில்லை. அந்த நிபந்தனை அங்கிருந்து வந்தது.

இந்த முறை திரும்பிப் போவதென்றால் அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பது முறை வைத்து நடக்கும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு ஆண்களுக்கு மட்டும். என் மகளின் பெயரும் ஒரு காலத்தில் அதில் இருந்தது. அவளே ஊர்ப் பெரியவர்களிடம் போய், “எம் பேர எடுத்துடுங்க, நான் பொம்பளைங்க குழுவுல சேரப் போறேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் குழுவில் பதினாறு பேர். சதை பிடிக்காத நண்டுகளை மலிவாக வாங்கி, ஏரியோரத்தில் கூண்டு கட்டி விட்டு, தீனி போட்டுத் தேற்றி விற்கிறார்கள். போன பருவத்தில் பாதி நண்டுகள் கூண்டுக்குள்ளேயே செத்துவிட்டன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கொச்சியில் இதற்கென்று பத்து நாள் பயிற்சி இருக்கிறது, ஊருக்கு ஒருவர் வரலாம் என்று தகவல் வந்தது. குழு இவளைத் தேர்ந்தெடுத்தது. இவள் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஊருக்குப் போய்விடும். அடுத்த பருவத்திலும் நண்டுகள் சாகும். குழுவும் அதோடு கலைந்துவிடும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

துணைக்கு ஒருவர் வரலாம் என்றதும் நான் வருகிறேன் என்றேன். எங்கள் இருவருக்கும் இது முதல் விமானப் பயணம்.

வாசலில் நின்ற காவலர் அவளுடைய ஆதார் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உள்ளே போகச் சொன்னார். என் பையில் அவளுடைய திருநங்கை அடையாள அட்டையும், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகலும் இருந்தன. அவர் எதையும் கேட்கவில்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

“இன்னா நைனா, அவரு கேக்கலன்னு வருத்தமா?” என்றாள்.

“சரியா பாக்காம விட்டுட்டாரோன்னு. அப்புறம் உள்ள போனப்புறம் கூப்ட்டா?”

“கம்முனு வா.”

மாடியில் சோதனை நடக்கும் இடத்துக்கு வந்ததும் ஒரு காவலர் பயணிகளைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். அவள் யாரையும் கேட்காமல் இடது பக்கம் போய் நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் ஆறு பேர். என் வரிசையில் பதினான்கு பேர். அவள் எனக்கு முன்னாலேயே உள்ளே போய்விடுவாள், அங்கே ஏதாவது என்றால் நான் இங்கே மாட்டிக்கொண்டு நிற்பேன் என்று கணக்குப் போட்டேன்.

பெண்கள் வரிசையில் வாசல் சட்டம் போன்ற ஒரு இயந்திரத்தைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு அப்பால் திரை போட்ட ஒரு சின்ன தடுப்பு. ஒவ்வொரு பெண்ணாக உள்ளே போய் உடனே வெளியே வந்தார்கள். என் மகளின் முறை வந்தது. அவள் சட்டத்தைத் தாண்டினாள். இயந்திரம் கத்தியது.

பெண் காவலர் அவளைத் திரும்பி வரச் சொன்னார். மறுபடியும் தாண்டினாள். மறுபடியும் கத்தியது. காவலர் கையிலிருந்த கருவியைத் தோளிலிருந்து கீழே கொண்டு வந்தார். இடுப்புக்கு வந்ததும் அது ‘கீ’ என்று அலறியது.

“என்னத்தா வச்சிருக்க இடுப்புல?” என்று அந்தக் காவலர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. மதுரைப் பக்கத்துப் பேச்சு.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“ஒண்ணும் இல்லாமயா கத்துது?”

அவர் என் மகளின் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் பாலினம் என்ற இடத்தில் ‘திருநங்கை’ என்று போட்டிருப்பது எனக்குத் தெரியும். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தள்ளி நின்ற மேலதிகாரியைக் கை காட்டிக் கூப்பிட்டார். அவர் ஆண்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அவள் உடம்பைத்தான் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. இப்படிப்பட்ட இயந்திரங்கள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று எனக்கு என்ன தெரியும்? அறுவை சிகிச்சையில் உள்ளே ஏதாவது கம்பி வைத்திருப்பார்களோ? அதைச் செய்த மருத்துவரிடம் நான் எத்தனையோ கேள்வி கேட்டேன், இதைக் கேட்கவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது. மேலதிகாரி நடந்து வந்தார். நான் வாயைத் திறந்தேன். இரண்டு வரிசைகளுக்கு அப்பாலிருந்து என் மகள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

மேலதிகாரி அட்டையைப் பார்த்தார். வடநாட்டுக்காரர். நிதானமாகத் தமிழ் பேசினார்.

“உங்களை யார் செக் பண்ணணும்? நீங்க சொல்லுங்க.”

என் மகள் சுற்றிலும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண், எனக்குப் பின்னால் இருந்தவர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேர் என்று நான் அப்போது எண்ணவில்லை.

“லேடிஸ்” என்றாள்.

“ஓகே” என்று சொல்லிவிட்டு அவர் வந்த வழியே போய்விட்டார். அவ்வளவுதான். பெண் காவலர் திரையை விலக்கினார். இருவரும் உள்ளே போனார்கள். திரை மூடியது.

நான் மூச்சு விட்டேன். ஆனால் மற்றப் பெண்கள் எல்லாம் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தார்கள், இவள் போன பிறகு திரை அசையவே இல்லை. உள்ளே என்ன கேட்கிறார்கள்? என்ன கழற்றச் சொல்கிறார்கள்? அவள் அழுதுகொண்டு வெளியே வந்து, “வா நைனா, போலாம்” என்று சொல்லிவிட்டால் நான் சத்தியம் செய்தபடி திரும்பிப் போக வேண்டும். ஊரில் பதினைந்து பெண்களிடம் யார் சொல்வது?

“அங்கிள், டிரேயைத் தள்ளுங்க” என்றான் பின்னால் நின்ற இளைஞன்.

என் தட்டில் கடிகாரம், பெல்ட், மூக்குக் கண்ணாடிக் கூடு, சாவி, கைப்பேசி, பேனா, சில்லறைப் பை என ஏழு பொருட்கள். எல்லாவற்றையும் சரிபார்த்துத் தள்ளினேன். சட்டத்தைத் தாண்டினேன். அது கத்தியது.

“பெல்ட்?” என்றார் காவலர்.

“கயட்டிட்டேன்.”

“சில்லறை?”

“அதோ தட்டுல. ஏழு பொருள். நீங்களே எண்ணிக்குங்க.”

அவர் கருவியை என் இடுப்பில் வைத்தார். என் மகளுக்கு அலறியதைப் போலவே அலறியது. சட்டையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். என் அரைஞாண் கயிற்றைச் சுட்டிக்காட்டி, “இது என்ன?” என்றார்.

குனிந்து பார்த்தேன். கயிற்றில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஈயக் குண்டு கிடந்தது. கயிறு எத்தனையோ முறை மாறியிருக்கிறது. குண்டு மட்டும் என் சின்ன வயதில் அம்மா கட்டிய அதேதான். உடம்போடு உடம்பாகி, அது இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை முதல் தடவை முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகும்போது, வீட்டு வலையின் அடியில் கட்டியிருக்கும் ஈயக் குண்டுகளில் ஒன்றை அவிழ்த்து அவன் அரைஞாணில் கட்டுவார்கள். வலை திரும்பி வீட்டுக்கு வருவதைப் போல அவனும் வர வேண்டும் என்று. கட்டுகிறவள் தாய். ஆண் பிள்ளைகளுக்குத்தான் கட்டுவது, பெண்கள்தான் கடலுக்குப் போவதில்லையே. என் மனைவிக்கு ஆகாயமும் கடலும் ஒன்றுதான். மகள் கரை தாண்டிப் போகிறாள். பெண்ணுக்கு அரைஞாண் கிடையாது. அப்படியென்றால் என் மனைவி குண்டை எங்கே கட்டியிருப்பாள்?

கிளம்புவதற்கு முந்தின நாள் மகளின் பாவாடையைத் துவைத்து மடித்து, நாடா கோத்துக் கொடுத்தது அவள்தான்.

சத்தியம் எல்லாம் பறந்துவிட்டது.

“வலக் குண்டும்மா!” என்று கத்தினேன். “பாவாட நாடாவப் பாரு! உங்கம்மா வலக் குண்டு வச்சி முடிஞ்சிருக்கா!”

ஏறக்குறைய எல்லா வரிசைகளும் திரும்பிப் பார்த்தன. என்னைச் சோதித்துக்கொண்டிருந்த காவலர் ஒரு அடி பின்னால் போனார். ‘குண்டு’ என்ற சொல்லை அந்த இடத்தில் உரக்கச் சொல்லக் கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நல்லவேளை, பின்னால் நின்ற இளைஞன், “மீன் வலையில கட்டுற ஈயம் சார், தாயத்து மாதிரி” என்று அவருக்கு எடுத்துச் சொன்னான். அவர் குனிந்து என் இடுப்பை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “கழட்டி டிரேல போடுங்க” என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் துணி சரசரத்தது. பிறகு சிரிப்பு. முதலில் என் மகள், அடுத்து அந்த மதுரைக்காரக் காவலர். திரை விலகியது. காவலர் கையில் குண்டு இருந்தது, என் மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“நல்ல அம்மாதேன் ஒனக்கு” என்றார் காவலர். “இதக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்கு வேர்த்துப் போச்சு. முடிச்சுன்னு சொல்ற, முடிச்சு எங்கயாச்சும் கத்துமா?”

“முடிச்சுன்னுதான் மேடம் நெனச்சேன். எங்கம்மா அப்டிதான் முடிச்சி போடும்.”

“சரி, டிரேல போடு. மிஷின்ல போய் வரட்டும்.”

இரண்டு குண்டுகளும் ஒரே தட்டில் இயந்திரத்துக்குள் போய் மறுபக்கம் வந்தன. உட்கார்ந்து கணினித் திரையைப் பார்ப்பவர் தலையசைத்து விட்டுவிட்டார். நான் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் காவலர் என் மகளைக் கூப்பிட்டார்.

“நாடா அவுந்து தொங்குது பாரு. உள்ள போய் நல்லாக் கட்டிக்கிட்டு வா. யாரும் வராம நான் நிக்கிறேன்.”

என் மகள் அந்தத் திரைக்குள் இரண்டாவது முறை போனாள். இந்த முறை யாரும் அட்டையைக் கேட்கவில்லை. காவலர் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அடுத்த பெண்ணிடம், “செத்த இருங்கம்மா, உள்ள பிள்ள சேல சரி பண்ணுது” என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பெல்ட்டை ஒரு துளை தள்ளி மாட்டிவிட்டேன் என்பது விமானத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

விமானம் ஏறும் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். வீட்டுக்குப் பேசினாள். எதிர்முனையில் என் மனைவியின் குரல் எனக்கே கேட்டது.

“கயட்டிட்டாங்களா? எவன்டி அவன் கயட்டினது?”

“பொம்பள போலீஸ்மா. திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“மறுபடி கட்டிக்கினியா?”

“கட்டிக்கினேன்.”

“உங்கப்பன் இன்னா பண்ணாரு?”

“ஏர்போர்ட்ல நின்னு குண்டு குண்டுன்னு கத்தினாரு.”

அந்தப் பக்கம் என் மனைவி சிரித்ததைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. யாரால் வந்தது இத்தனையும்? நான் ஏதாவது சொல்வதற்குள் மகள் அழைப்பை முடித்துவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விமானங்களைப் பார்த்தபடியே கூப்பிட்டாள்.

“நைனா.”

“இன்னா?”

“மூணு மாசம் கழிச்சி ரெண்டாவது பயிற்சி இருக்குதாம்ல. அதுக்கு நீ வர வேணாம்.”

“ஏன்? கத்தினேன்னா?”

“அது இல்ல. நம்ம குழுவுல மூலவீட்டு அக்கா இருக்குல்ல, அதக் கூட்டினு போறேன். அது பொன்னேரியத் தாண்டினதே இல்ல. பயப்புடும்.”

“இங்க எங்க போவணும், எதக் கயட்டணும், எந்த வரிசயில நிக்கணும்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“நான் கூடத்தான நிப்பேன்?” என்றாள். “எந்த வரிசைன்னு நான் காட்றேன்.”

ஏறச் சொல்லி அறிவிப்பு வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் எங்கள் பைகளை எண்ணினேன். மூன்றும் இருந்தன.