கல்கத்தாவில் ஆறைவிட ஒன்று பெரிது

அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் கூட்டிச் சொன்னதாக யாரும் குறை சொல்லக் கூடாது. மேஜைக்குப் பின்னால் எங்கள் சணல் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா. அவரை இங்கே பொடோ பாபு, அதாவது பெரிய பாபு, என்பார்கள். அவருக்குப் பக்கத்தில் ஹரிபத பாபு, பி.ஏ. பெயில். கதவோரம் பாதித் தூக்கத்தில் பங்கா விசிறியின் கயிற்றை இழுக்கும் ராம்தீன். மேஜைக்கு இப்பால் நான். என் கோட்டைப் பிடித்துக்கொள்ளாத குறையாக எனக்குப் பின்னால் என் மனைவியின் தம்பி சேஷு. மாயவரத்திலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாதவன். கல்கத்தாவில் ஓர் உத்தியோகம் கிடைத்தால்தான் திரும்ப ஊர் முகத்தில் விழிப்பேன் என்று ரயிலேறியவன்.

ஹரிபத பாபுவுக்கு 'பெயில்' என்று நான் போட்டது வசவு அல்ல. அவரே போட்டுக்கொள்வது. பவானிப்பூரில் அவர் வீட்டு வாசற்பலகையில் பெயருக்குப் பின்னால் வெள்ளை எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது யாரோ வேண்டாதவன் எழுதிவிட்டுப் போயிருக்கிறான், மனுஷன் கண்ணில் படுவதற்குள் அழித்துவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்துவிட்டேன். பிறகுதான் விளங்கிற்று. இரண்டு வருஷக் காலேஜ் படிப்பான எப்.ஏ. தேறினவனுக்குத்தான் பி.ஏ.யில் தவறுகிற யோக்கியதை உண்டு. ஆகவே தவறினதும் ஒரு பட்டம். வெறும் எப்.ஏ. பாஸைக் காட்டிலும் பி.ஏ. பெயிலுக்குச் சம்பளம் கூடுதல், சபையில் ஆசனம் முன்வரிசை, கல்யாணச் சந்தையில் கிராக்கி. நம் பக்கத்தில் பரீட்சையில் தவறின பிள்ளை கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைவான். இங்கே வாசலில் பலகை மாட்டுகிறான்.

எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். டிராமில் வாங்கின டிக்கெட்டை இறங்குகிற வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவன் நான். அப்படிப்பட்டவன் இந்த ஊரில் ஒரு மேஜையும் நாற்காலியும் பெற்றது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நான் வேலை கேட்டு வந்த அன்று பொடோ பாபு, "எதுவரைக்கும் படிச்சே?" என்றார். உள்ளதைச் சொன்னேன்: "இரண்டாவது, சார்." அப்பா காலமாகி, இரண்டாவது பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான், அதற்கு மேல் ஓர் எழுத்துப் படித்ததில்லை. பொடோ பாபுவோ நாக்கைச் சப்புக் கொட்டினார். "ஐயோ பாவம்! கரைக்குப் பக்கத்திலே வந்து விட்டுட்டியே!" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா போனதற்கு அழுகிறார் என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கிடங்கில் மூட்டை எண்ணப் போகவேண்டியவனைக் கணக்கு மேஜையில் உட்கார வைத்தார். துரைக்கு அவரே தம் கைப்பட, 'என்ட்ரன்ஸுக்கு அருகில் வந்தவன்' என்று எழுதினார்.

பல மாதம் கழித்து ஹரிபத பாபுவின் பிள்ளை மூன்றாம் கிளாஸிலிருந்து இரண்டுக்குப் போனதற்காக ஆபீஸில் சந்தேஷ் வழங்கினார்கள். கீழே விழுந்ததற்கு மிட்டாயா என்று விசாரித்தேன். அப்போதுதான் விஷயம் வெளியாயிற்று. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கை மேலேயிருந்து ஆரம்பிக்கிறது. ஒன்றாம் கிளாஸ்தான் உச்சி. என்ட்ரன்ஸ் பரீட்சைக்குப் போகிற கிளாஸ். நம் பக்கத்தில் முதல் பாரத்தில் ஏறி ஆறாவது பாரத்தில் மெட்ரிகுலேஷன்; அதுதான் இவர்களுடைய என்ட்ரன்ஸ். இவர்கள் அதே படியில் இறங்கி இறங்கிப் பெரியவர்களாகிறார்கள். நான் விட்ட இரண்டாவது பாரம் இவர்களுக்கு ஐந்தாம் கிளாஸ். அன்று தின்ற சந்தேஷ் எனக்கு ஜீரணமாகவில்லை.

இப்போது சேஷுவுக்கு வருகிறேன்.

"எதுவரைக்கும் படிச்சே?" என்றார் பொடோ பாபு. எல்லாம் இங்கிலீஷில்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"ஆறாவது, சார்," என்றான் சேஷு, மார்பை நிமிர்த்தி.

"ஹரிபதா, கேட்டியா! மீசை முளைச்சாச்சு, ஆறாம் கிளாஸாம். என் பேரனே அஞ்சுக்கு வந்துட்டான்."

"பேரனோட பழைய சிலேட்டு இருந்தா இவருக்குக் கொடுக்கலாம்," என்றார் ஹரிபத பாபு.

"கிடங்கிலே மூட்டைக்குச் சீட்டு ஒட்டட்டும்."

சேஷு என் காதருகே குனிந்தான். "அத்திம்பேர், ஏன் சிரிக்கறா? குறைச்சலா சொல்லிட்டேனா?"

"ஜாஸ்தியா சொல்லிட்டேடா."

எண்ணிக்கை தலைகீழ் என்று ஒரு வார்த்தை சொன்னால் சேஷு பிழைப்பான். என் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் நாற்காலி நிற்கும்; வீட்டுக்குப் போய் அவன் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? பயந்தவன் புத்தி சந்து பொந்தாகத்தான் ஓடும். எனக்கு ஒரு சந்து அகப்பட்டது.

"மெட்ரிகுலேஷன்ல போயிடுத்தே, அதைச் சொல்லுடா."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு அக்கா தலைமேல சத்தியம் பண்ணினேளே!"

"பெருமையா சொல்லுடா, அசடே!"

நானே கத்திவிட்டேன். "சார், இவன் மெட்ரிகுலேஷன் பெயில்!"

அறை மாறிவிட்டது. "என்ட்ரன்ஸ் பெயிலா! அதை ஏன்ப்பா மறைக்கறே? எத்தனை தடவை?" என்றார் பொடோ பாபு.

சேஷு தரையைப் பார்த்தபடி, "ரெண்டு," என்றான்.

"ரெண்டு தடவை! ராம்தீன், நாற்காலி கொண்டா!"

நாற்காலி வந்துவிட்டது. சேஷு அதன் விளிம்பில் உட்கார்ந்தும் விட்டான். அந்த நேரத்தில் ஹரிபத பாபு, தவறுவதிலும் ஒழுங்குமுறை வேண்டும் என்கிறவர், கையை உயர்த்தினார். "ஆறாம் கிளாஸ் படிச்சவன் என்ட்ரன்ஸ் எப்படி எழுதினான்?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகின பையன். சேஷு எழுந்து நின்று அழகான இங்கிலீஷில் விளக்கினான். எங்கள் பக்கம் ஒன்று அடி, ஆறு உச்சி, சார். சந்தேகத்துக்கு இடமில்லாதபடி விரல் விட்டும் காட்டினான்.

பங்கா நின்றுவிட்டது. எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பிற்று. ராம்தீன்கூட விழித்துக்கொண்டான்.

"அப்படீன்னா, நீ சொன்ன ரெண்டு?" என்றார் பொடோ பாபு.

பெட்டி கட்டுவதா, மனைவிக்கு முதலில் சொல்வதா, ஹௌராவில் மதராஸ் ரயில் எத்தனை மணிக்கு என்றெல்லாம் மனம் ஓடிற்று.

"துரைக்குச் சிபாரிசு எழுதினது தாங்கள்தானே?" என்றார் ஹரிபத பாபு, மெதுவாக, கூரையைப் பார்த்துக்கொண்டு.

பொடோ பாபு இருமினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "மதராஸிலே சமீபத்திலேதான் மாத்தியிருக்காங்க. இவன் படிச்ச காலத்திலே எண்ணிக்கை நம்மளைப் போலத்தான். இல்லையா?"

நான் தலையை ஆட்டினேன். நம்மவர் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று இவர்களுக்கு எப்போதுமே சந்தேகம். அந்தச் சந்தேகம் அன்று பொடோ பாபு குடும்பத்தையும் என் குடும்பத்தையும் காப்பாற்றிற்று.

ஆக, எங்கள் ஆபீஸில் நான் கல்கத்தாக் கணக்கில் படித்தவன். சேஷு மதராஸ் கணக்கில் படித்தவன். "ஏன்னா, உங்க ரெண்டாவதும் அவன் ஆறாவதும் பக்கத்துப் பக்கத்துப் படியா?" என்று என் மனைவி கேட்டாள். "ஆபீஸிலே, பத்து மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும்," என்றேன். சேஷு இப்போது தன் டிரங்குப் பெட்டியில் பெயருக்குப் பின்னால் 'மெட்ரிகுலேஷன் பெயில்' என்று பெயிண்டு அடித்திருக்கிறான். ஊருக்குப் போகிற ரயிலில், மதராஸுக்கு முந்தின பேஸின் பிரிட்ஜ் தாண்டினதும் அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பி வைத்துவிடுவான்.

என் பிள்ளை வைத்தி இங்கேதான் படிக்கிறான். இந்த வருஷம் ஆறிலிருந்து ஐந்துக்குப் போயிருக்கிறான். பொடோ பாபு விடுவாரா? ஆபீஸ் முழுவதற்கும் சந்தேஷ் கடனில் வாங்கிக் கொடுத்தேன். ஊரில் சித்தப்பாவுக்கு எண்ணிக்கை விஷயத்தை விளக்கமாகவே எழுதினேன். பெற்ற மனம் பூசி மெழுகுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். 'குழந்தை சறுக்கினதற்காக அடிக்காதே. பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டிருக்கிறேன். செலவை மட்டும் அனுப்பு' என்று பதில் வந்தது. ஒரு கையில் சந்தேஷ் கடைக்காரனின் கடன் சீட்டும் ஒரு கையில் அந்தக் கடிதமுமாக நின்றேன். வைத்தி இப்போது இருக்கும் ஐந்தாம் கிளாஸ்தான் நான் விட்ட இரண்டாவது பாரம். அடுத்த வருஷம் அவன் என்னைத் தாண்டிவிடுவான். மேலே போவானா, கீழே போவானா என்று என்னால் ஒரே பேச்சில் சொல்ல முடியவில்லை. அவன் தேறினதற்காகக் கல்கத்தாவில் ஒன்றேகால் ரூபாய், அவன் சறுக்கினதற்காக ஊரில் பத்தணா; ஆக ஒரு ரூபாய் பதினாலணா, இன்னும் கொடுபடவில்லை.