யார் வீட்டுக் கொசுறு?

இந்த அயர்லாந்துச் சிற்றூரில் யாரும் கொசுறு கேட்பதில்லை. வந்த புதிதில் எனக்கு இதுதான் பெரிய அதிசயம், குளிர்கூட இரண்டாவதுதான். மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே நர்ஸ் வேலை. கூடவே வந்த நான், பிரிஜிட் என்ற அம்மாளின் காய்கறிக் கடையில் எடை போடுகிறேன். மின்தராசு கிராம் பிசகாமல் காட்டும், வாங்குபவர் "கிராண்ட்" என்பார், இந்த ஊரில் அதற்கு 'சரி' என்று அர்த்தம், பை நகர்ந்துவிடும். நைனார்பாளையத்தில் பன்னிரண்டு வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவனுக்கு இது பொறுக்குமா? யாரும் கேட்காமலே ஒவ்வொரு பையிலும் இரண்டு கேரட்டை நுழைத்துவந்தேன். கர்த்தர் மேலிருந்து பார்த்து மெச்சிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வேறு.

ஒரு சனிக்கிழமை நோரா என்ற வயதான வாடிக்கையாளர், விடாத தூறலில் திரும்பி வந்து இரண்டு கேரட்டை மேசையில் வைத்தார். தவறிப் பையில் விழுந்துவிட்டதாம்.

"தவறி இல்லை, நான்தான் கொடுத்தேன்" என்றேன், தெரிந்த ஆங்கிலத்தில்.

"அடடா, கடையை நீங்கள் வாங்கிவிட்டீர்களா? வாழ்த்துகள்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பின்னால் நின்றிருந்த பிரிஜிட் வாழ்த்தவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார், அதையும் 'சாரி' சொல்லித்தான் ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். "ரெண்டு கேரட்டுக்கு வேலய வுட்டுத் தூக்குவாங்களாம்! குடுக்கிற மனசே இல்லாத ஊரு."

ஸ்டெல்லா மாவு பிசைந்தபடியே சிரித்தாள். "குடுத்தது நீங்க, சரி. கேரட்டு யாருதுங்க?"

"ஒரு கொசுறுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கேள்வி?"

"அன்னிக்கி மலைக்காரங்க புளிய எடுத்துக்கினு அவங்களுக்கே கொசுறு குடுத்தீங்க. இன்னிக்கி பிரிஜிட்டம்மா கேரட்டு. சொந்தமா இன்னும் ஒண்ணும் குடுத்த பாட்ட காணோம்."

சுருக்கென்றது. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் புளி மூட்டை கொண்டுவருபவர்களிடம் நான் வாங்கும்போது, என் தராசில் படிக்கல் தட்டுக்கு அடியில் ஒரு புளி உருண்டை ஒட்டியிருக்கும். அவர்கள் கொண்டுவந்த புளிதான். ஒவ்வொரு நிறுவையிலும் அந்த உருண்டையின் எடைக்கு அவர்கள் கூடுதலாகப் புளி வைக்க வேண்டும். போகும்போது ஒரு கை உப்பை அள்ளிப் போடுவேன். "நல்லாருப்பா" என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர், திருடியவன் இனித் திருடாமல் தன் கையால் பாடுபடட்டும், அப்போதுதான் இல்லாதவனுக்குக் கொடுக்க அவனிடம் ஏதாவது இருக்கும் என்று பேசினார். எனக்காகவே பேசியது போலிருந்தது. மறுநாளே உருண்டையைச் சுரண்டி எறிந்து, நல்லவனாகிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பாதிப் பிரசங்கத்தைத்தான் கேட்டிருக்கிறேன் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை பிரிஜிட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். "கிராண்ட்" என்றார். இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று, என் சம்பளத்தில் கேரட் வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சப் பையில் போட்டு மேசைக்கடியில் மாட்டிக்கொள்கிறேன். "என் கடையில் வாங்கி என் வாடிக்கையாளருக்கே கொடுக்கிறாயே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று பிரிஜிட் விசாரித்தார். முதல் வாரம் நோரா வந்ததும், "இது என்னுடையது" என்று இரண்டு கேரட்டை நீட்டினேன். சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் இந்த முறை திருப்பிக் கொண்டுவரவில்லை.

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பார் போதகர். எனக்கு அதில் சிரமமே இல்லை. இடக்கை இங்கே பிரிஜிட்டின் தராசில் கிராம் பார்த்துக்கொண்டிருக்கிறது. மஞ்சப் பைக்குள் போகும் வலக்கை இன்னும் நைனார்பாளையத்தில், புளியைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு அவசரப்படும் ஒரு மலைக்காரம்மாவை, "இரும்மா, உன்னுது இன்னும் கொஞ்சம் இருக்குது" என்று நிறுத்திக்கொண்டிருக்கிறது.