ஆஞ்சப்பன் ஓட்டிப்போன வண்டி

சம்பங்கியை இப்போது ஓசூரில் தெரியாதவர்கள் குறைவு. இரண்டு படங்களில் வில்லனாக வந்துவிட்டார். பேட்டி எடுக்க வருகிறவர்கள் பட்டாள வாழ்க்கையைக் கேட்டால், "நடிப்பே அங்கதான் வந்துச்சு" என்பார். அதற்கு மேல் பேச்சை மாற்றிவிடுவார்.

கல்லாவி கிராமத்திலிருந்து பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனவர். லடாக்கில் லாரி ஓட்டினார். அதே பிரிவில் பக்கத்து ஊரான சாமல்பட்டி ஆஞ்சப்பனும் டிரைவர். பாஷை தெரியாத இடத்தில் ஒருவரை விட்டால் இன்னொருவருக்கு ஆளில்லை. சுபேதார் நடப்பதையும் திட்டுவதையும் சம்பங்கி நடித்துக் காட்டினால், ஆஞ்சப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

ஒரு வருஷம் ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டார்கள். சம்பங்கிக்குத்தான் முக்கிய வேடம். ஒத்திகை நாளன்று பார்த்து, மேல்முகாமுக்கு மண்ணெண்ணெய் ஏற்றிப்போகும் முறை அவருக்கு வந்தது.

"இன்னிக்கு ஒரு நாளு எனக்குப் பதிலா நீ போயிட்டு வாடா."

"லீவுன்னு துணி ஊற வெச்சிகினு இருந்தேன்டா. சரி, போறேன் போ."

மதியம் மலை சரிந்து வண்டியை மூடியது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. பதிவேட்டில் சம்பங்கி பெயரை அடித்து ஆஞ்சப்பன் பெயரை எழுதியிருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரே மாவட்டம் என்று சவப்பெட்டியோடு சம்பங்கியைத்தான் சாமல்பட்டிக்கு அனுப்பினார்கள். கல்யாணமாகி எட்டே மாதமான ஆஞ்சப்பன் மனைவி மாதேஸ்வரி எதிரில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வாயெடுத்தார். "டூட்டியில..." என்பதோடு நின்றுவிட்டது.

திரும்பிப் போனதும், தள்ளிவைத்திருந்த நாடகம் நடந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவர் வாங்கிய முதல் கைதட்டல் அது.

பதினாறு வருஷம் கழித்து, போன மாதம், ஓசூரில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்புக்கு வந்திருந்தார். கம்பெனிச் சீருடையோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மாதேஸ்வரி.

"அண்ணா, படம் பாத்தேன். அவரு போன்ல உங்களப் பத்தியேதான் பேசிகினு இருப்பாரு. பெரிய ஆளா வருவான் பாருன்னு சொல்வாரு."

சம்பங்கியால் அதைத் தாங்க முடியவில்லை. அவளைக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அழவில்லை. "அவராக் கேட்டுப் போனாரா, நீங்க போகச் சொன்னீங்களா?"

"நான்தாம்மா போகச் சொன்னேன்."

"இத்தன வருசமா மனசுல வெச்சிகினா இருந்தீங்க?"

சம்பங்கி தன் போன் நம்பரை எழுதி நீட்டினார். வாங்கிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் படப்பிடிப்பில் அவருக்கு வசனமே வரவில்லை. பத்தாம் நாள் அவள் கூப்பிட்டாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லக் கூப்புடல. அன்னிக்குக் காலையில அவரு சாப்ட்டுட்டா போனாரு?"

"சாப்ட்டாம்மா. பூரி. என் தட்டுல இருந்ததையும் எடுத்துத் தின்னான்."



"வேற என்னா பேசினாரு? எல்லாத்தயும் சொல்லுங்க."

சம்பங்கி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.